படம் எடுப்பதைத் தொழிலாக்கத் தயாரா? சோதித்துப் பார்க்கும் வழிகள்

"இவ்வளவு அழகாப் படம் எடுக்கறீங்க, இதையே தொழிலாப் பண்ணலாமே" என்று நண்பர்கள் சொல்லத் தொடங்கியதும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். பார்க்கிற வேலையை விட்டுவிடலாமா, இன்னொரு நல்ல லென்ஸ் வாங்கிய பிறகு ஆரம்பிக்கலாமா, இல்லை இன்னும் ஓராண்டு கற்றுக்கொள்ளலாமா என்று. சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், பொய்யும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது நீங்களே பொறுக்கி எடுத்துக் காட்டிய படங்களை. ஒரு மாதம் முழுக்க எடுத்ததில் நன்றாக வந்த நாலைந்தைத்தான் வெளியே காட்டுகிறோம், மீதியெல்லாம் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும். காசு வாங்கிக்கொண்டு எடுக்கும்போது அந்த வசதி கிடையாது. அன்றைக்கு, அந்த இடத்தில், இருக்கிற வெளிச்சத்தில், வந்திருக்கிற மனிதர்களை எடுத்தே ஆக வேண்டும், எடுத்ததில் கணிசமானதைக் கையில் கொடுத்தும் ஆக வேண்டும். அதனால் நீங்கள் தயாரா என்று தெரிந்துகொள்ள உங்களுடைய சிறந்த படத்தைப் பார்த்துப் பயனில்லை. பெயர் போட்டுக் கொடுக்கத் துணிகிற படங்களில் ஆக மோசமானது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் அடியில் இருப்பதைப் பாருங்கள்

கடைசியாக நீங்கள் எடுத்த ஏதாவது ஒரு முழு நிகழ்ச்சியைத் திறந்துகொள்ளுங்கள். நண்பர் வீட்டு விழா, பள்ளி ஆண்டு விழா, ஒரு பயணம், எதுவாக இருந்தாலும் சரி, ஒரே நாளில் எடுத்த எல்லாப் படங்களும் வேண்டும். யாரோ ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார், அவருக்கு 60 படம் கொடுத்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்ததை நல்லதிலிருந்து சுமாரானது வரை வரிசைப்படுத்துங்கள். மேலே இருக்கும் 50ஐ ஒதுக்கிவிட்டு, கீழே இருக்கும் பத்துப் படங்களோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

ஒவ்வொன்றையும் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் கண் இமையில் விழுந்திருக்கிறதா, காதில் விழுந்திருக்கிறதா? 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து (லென்ஸின் துவாரத்தை நன்றாக அகலத் திறந்து), ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிற்பவரின் முகத்தை முழு ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளதில்) எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்தான். அவர் மூச்சு விடும்போது லேசாக முன்னே சாய்ந்தாலே போச்சு. ஃபோன் திரையில் இது தெரியாது, பின்னணி மங்கலாக இருப்பதால் படம் அழகாகவே தெரியும். அதே படத்தை ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்கு அச்சடித்தால் முதலில் கண்ணில் படுவது அந்த மங்கிய கண்தான்.

அப்புறம் நிறம். ஒரே ஆளை அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் தோல் மஞ்சளாக, ஒன்றில் சிவப்பாக, ஒன்றில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதா? தனித்தனிப் படமாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் அவர்கள் தொகுப்பாக எதையும் கொடுத்ததில்லை. வாடிக்கையாளரோ தொகுப்பாகத்தான் பார்க்கிறார். உங்கள் மானிட்டர் அளவீடு செய்யப்படாததாக இருந்தால் இந்தச் சோதனையையே நம்ப முடியாது. பெரும்பாலான மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது தேவைக்கு மேல் பிரகாசமாக இருக்கும், அதில் சரியாகத் தெரிந்த படம் அச்சில் இருட்டாக வரும். அளவீட்டுக் கருவி வைத்து 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) வெண்மைக்கும் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா பிரகாசத்துக்கும் கொண்டுவந்துவிட்டுப் பாருங்கள். லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கருவியை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அந்தப் பத்துப் படங்களையும் தயங்காமல் கொடுக்க முடியும் என்றால் நீங்கள் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். "இது பரவாயில்லை, யாரும் கவனிக்க மாட்டார்கள்" என்று ஏழெட்டுப் படங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

நீங்கள் தேர்ந்தெடுக்காத வெளிச்சம்

பொழுதுபோக்காக எடுப்பவர்கள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும்தான் கேமராவைத் தூக்குகிறார்கள், அதில் தப்பே இல்லை, நல்ல வெளிச்சம் எப்போது வருமோ அப்போது போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் வேலை என்று வரும்போது உச்சி வெயிலில் குடும்பப் படம் எடுக்கச் சொல்வார்கள், ஜன்னல் இல்லாத கூட்ட அறையில் நிறுவனத் தலைவரை எடுக்கச் சொல்வார்கள், அதுவும் பத்து நிமிடம்தான் தருவார்கள்.

ஒரு சாதாரண அறையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஜன்னல், வெளியே பகல், அந்த வெளிச்சம் சுமார் 5500 கெல்வின். மறுபக்கம் கூரையில் மஞ்சள் பல்புகள், அவை 3000 கெல்வினை ஒட்டி. நடுவில் ஒருவர் நிற்கிறார். முகத்தின் ஒரு பாதி நீலம், மறுபாதி ஆரஞ்சு. ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிய கேமராவில் வைக்கும் அமைப்பை, எந்தப் பக்கத்துக்குச் சரிசெய்தாலும் மற்றப் பக்கம் இன்னும் மோசமாகும், ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுத்திருக்கிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் இங்கே அவ்வளவாக உதவாது, ஏனென்றால் சிக்கல் ஒரே முகத்தில் இரண்டு நிறம் இருப்பது. என்ன செய்யலாம்? பல்பை அணைத்துவிட்டு அவரை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தலாம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு முழுக்க பல்பு வெளிச்சத்திலேயே எடுக்கலாம். ஃபிளாஷுக்கு ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) போட்டு, கூரையில் அடித்துத் திருப்பிவிட்டு, எல்லாவற்றையும் மஞ்சள் பக்கம் கொண்டுவரலாம். எதுவுமே முடியாவிட்டால் கறுப்பு வெள்ளையாகக் கொடுக்கலாம். இதில் எது என்பதை அறைக்குள் நுழைந்த சில நொடிகளில், பேசிக்கொண்டே, எதிரில் நிற்பவருக்கு நீங்கள் யோசிக்கிறீர்கள் என்பதே தெரியாமல் முடிவு செய்ய வருகிறதா என்பதுதான் சோதனை.

இன்னொரு தொல்லை எல்இடி விளக்குகள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் நாடுகளில் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும், சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம். அங்கே 1/100 அல்லது 1/50 நொடிக்கு இறங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/120 அல்லது 1/60. மேடை விளக்குகளில் சில இந்தக் கணக்குக்கும் அடங்காது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் பணம் வாங்கிய வேலையில்தான் முதன்முதலாகச் சந்திக்க வேண்டும் என்றில்லை.

பயிற்சியாக இதைச் செய்யுங்கள்: உங்களுக்குத் தெரிந்ததிலேயே ஆக அசிங்கமான வெளிச்சம் உள்ள அறையைத் தேர்ந்தெடுத்து, கேமரா என்றாலே கூச்சப்படுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் கொடுக்கக்கூடிய பத்துப் படம் எடுங்கள். அடுத்த வாரம் வேறு இடம், வேறு ஆள். கூச்சப்படுகிறவர் ஏன் என்றால், வேலையில் உங்கள் முன்னால் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இருப்பார்கள். "கையை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பேச்சுக் கொடுத்து அவர்களை இளக்கத் தெரியாதவர் எஃப் 1.2 லென்ஸ் வைத்திருந்தாலும் விறைத்த முகத்தைத்தான் கூர்மையாக எடுப்பார்.

இரண்டாவது வாய்ப்பு இல்லாத படங்களுக்கும் தனியாகப் பழக வேண்டும். நண்பர் ஒருவரை வாசலிலிருந்து உங்களை நோக்கி ஒரே ஒரு தடவை நடந்துவரச் சொல்லுங்கள், திரும்ப நடக்கச் சொல்லக் கூடாது. நடப்பவரை உறையவைக்க 1/250 நொடியாவது வேண்டும், ஓடுபவருக்கு 1/1000, அதற்கு ஏற்ற ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன் அமைப்பை) யோசிக்காமல் விரல் போய்த் தொட வேண்டும். ஒரு தடவை வந்துவிட்டால் போதாது, எத்தனை பேர் நடந்து வந்தாலும் ஒவ்வொரு தடவையும் வர வேண்டும்.

எந்தத் தொழில், யாருக்கு?

புகைப்படத் தொழில் என்று ஒரே தொழில் கிடையாது, இதைச் சிலர் வேலையை விட்ட பிறகுதான் யோசிக்கிறார்கள். திருமணம் எடுப்பவரும், விற்பனைக்கான பொருட்களை மேசையில் வைத்து எடுப்பவரும், செய்திக்கு எடுப்பவரும், கட்டடம் எடுப்பவரும் வேறு வேறு வேலை செய்கிறார்கள். ஒன்றுக்குத் தயாராக இருப்பவர் இன்னொன்றுக்குத் தயார் என்று அர்த்தமில்லை. பொருட்களை எடுக்கும் வேலைக்கு மணிக்கணக்காக ஒரு பாட்டிலின் மேல் விழும் பிரதிபலிப்பை அரை அங்குலம் நகர்த்தும் பொறுமை வேண்டும், கூட்டத்தில் பேசத் தெரிய வேண்டியதில்லை. திருமணத்துக்கு அது அப்படியே தலைகீழ்.

பாரிஸின் பழைய தெருக்களை எடுத்த யூஜின் அட்ஜே 1857இல் பிறந்தவர், கப்பல் வேலை, நாடகம் எல்லாம் பார்த்துவிட்டு நடுவயதை நெருங்கும்போதுதான் கேமராவுக்கு வந்தார். அவர் தன்னைக் கலைஞர் என்று விளம்பரப்படுத்திக்கொள்ளவில்லை. 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்' என்று எழுதி வைத்து, ஓவியர்கள் பார்த்து வரைவதற்கான படங்களை விற்றார். யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. நீங்களும் இப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள்: இன்னாருக்கு, இன்ன தேவைக்கு, இன்ன படம். "எல்லாம் எடுப்பேன்" என்பதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை என்றால், கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் வேலை தேடி எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

தெரியாதவர் கொடுக்கும் காசு

தெரிந்தவர்களின் பாராட்டை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். உங்களை முன்பின் தெரியாத ஒருவர், நீங்கள் சொன்ன விலையைக் கொடுத்து, படத்தை வாங்கிக்கொண்டு, பிறகு மறுபடியும் கூப்பிடுகிறாரா, அல்லது இன்னொருவரை அனுப்புகிறாரா? என் கணக்கில் இதைவிட நம்பகமான அறிகுறி வேறில்லை. முதல் தடவை கூப்பிட்டது உங்கள் போர்ட்ஃபோலியோவைப் பார்த்து. இரண்டாம் தடவை கூப்பிடுவது நீங்கள் நேரத்துக்கு வந்தது, நடந்துகொண்ட விதம், சொன்ன தேதியில் கொடுத்தது எல்லாவற்றையும் பார்த்து.

தெரியாதவரோடு வேலை செய்யும்போது இன்னொன்றும் தெரிந்துவிடும். நீங்கள் உயிரைக் கொடுத்து எடுத்த, நிழலும் வெளிச்சமும் விளையாடுகிற படத்தை அவர் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார், "எங்க பெரியம்மா கூட நின்ன படம் எங்கே?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். அந்தப் பெரியம்மா அடுத்த ஆண்டு இருப்பாரோ இல்லையோ, அவருக்கு வேண்டியது அதுதான். இந்தக் கேள்வி உங்களைப் புண்படுத்தினால், அதையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னதைக் கேட்டு எடுத்து, அதற்குள்ளேயே உங்கள் கண்ணையும் கொண்டுவர முடிகிறவர்களுக்குத்தான் இந்த வேலை நிலைக்கிறது.

தொழிலில் இருக்கும் ஒருவரிடமும் காட்டுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். ஒரே வேலையில் எடுத்த 30 படங்களை நீட்டி, "நீங்களா இருந்தா இதுல எதையெல்லாம் கொடுக்க மாட்டீங்க?" என்று கேளுங்கள். அவர் எடுத்து வைக்கும் படங்களும், ஏன் என்று சொல்லும் காரணமும் பல மாதப் பயிற்சிக்குச் சமம்.

இலவசமாக எடுத்துக் கொடுப்பதைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. என்னுடையது இது: நீங்களாகத் தேர்ந்தெடுத்து, உங்களுக்குத் தேவையான ஒன்றைக் கற்றுக்கொள்ள இலவசமாக எடுத்தால் நல்லது. "பெயர் கிடைக்குமே" என்று அவர்கள் சொல்லி நீங்கள் இலவசமாக எடுத்தால், கிடைக்கும் பெயர் 'இலவசமாக எடுப்பவர்' என்பதுதான்.

நேரத்தைக் குறித்து வையுங்கள்

எட்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்று, 2,000 படம் எடுத்திருக்கிறீர்கள், 400 கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு நாலு நொடி கொடுத்துத் தேர்ந்தெடுத்தால்கூட அதுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். 400 படத்துக்கும் இரண்டிரண்டு நிமிட எடிட்டிங் என்றால் 800 நிமிடம், பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும். இதற்கு முன்னால் பேசி முடிவு செய்தது, இடத்தைப் போய்ப் பார்த்தது, பேட்டரி சார்ஜ் போட்டது, போய் வந்தது, பின்னால் படங்களை நகலெடுத்தது, அனுப்பியது, ஆல்பத்தில் மாற்றம் கேட்டதைச் செய்தது. எட்டு மணி நேர வேலை முப்பது மணி நேரத்தை எட்டுவது சர்வ சாதாரணம். அடுத்த சில வேலைகளுக்கு இதையெல்லாம் ஒரு நோட்டில் நேர்மையாகக் குறித்து வையுங்கள், வாங்கிய தொகையை அந்த மொத்த நேரத்தால் வகுங்கள். வருகிற எண்ணைப் பார்த்துப் பலர் அதிர்ந்து போகிறார்கள், ஆனால் வேலையை விடுவதற்கு முன்னால் அதிர்வதுதான் நல்லது.

சொன்ன தேதிக்குக் கொடுப்பதையும் இப்போதே பழகுங்கள். மனசு வரும்போது எடிட் செய்வது பொழுதுபோக்கின் சுகம். நண்பருக்கு எடுத்தாலும் தேதி சொல்லுங்கள், அந்தத் தேதியில் கொடுங்கள். உடம்பு சரியில்லாத வாரத்திலும், அலுவலகத்தில் வேலை குவிந்த வாரத்திலும் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். தொடர்ந்து சில வேலைகளில் இது தவறாமல் நடந்தால்தான் தயார்.

கணக்கு

இதில் பலர் கோட்டை விடுகிறார்கள், அதனால் மெதுவாகவே சொல்கிறேன். ஓராண்டுக்கு உங்கள் குடும்பம் ஓட எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள், அதை 60 பங்கு என்று வைப்போம். தொழிலுக்கு ஆகும் செலவு: கேமரா லென்ஸ் தேய்மானம், பழுது, காப்பீடு, சாஃப்ட்வேர் சந்தா, ஹார்டு டிஸ்க், பயணம், உதவியாளர் கூலி, விளம்பரம், கணக்கர். இது 30. வரிக்கு ஒரு 10. மொத்தம் 100. இப்போது ஓராண்டில் எத்தனை நாள் காசு வரும் வேலை செய்ய முடியும்? 300 நாள் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு நாள் படப்பிடிப்புக்குப் பின்னால் மூன்று நாள் மேசை வேலை இருக்கிறது, சீசன் இல்லாத மாதங்கள் இருக்கின்றன, உடம்புக்கு முடியாத நாட்கள் இருக்கின்றன. 50 வேலை கிடைக்கும் என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 2 வாங்க வேண்டும். 25 வேலைதான் கிடைக்கும் என்றால் 4. நீங்கள் இப்போது வாங்குவது அரைப் பங்குதான் என்றால், திறமையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, இந்த விலையில் இது தொழிலாக ஓடாது.

தேய்மானத்தைக் கற்பனைச் செலவு என்று நினைக்க வேண்டாம். கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டருக்கு ஆயுள் மதிப்பீடு உண்டு, நடுத்தர ரகங்களில் 1,50,000 முதல் 2,00,000 தடவை வரை, உச்ச ரகங்களில் 4,00,000 அல்லது அதற்கு மேல். ஒரு வேலைக்கு 2,000 படம், ஆண்டுக்கு 50 வேலை என்றால் 1,00,000 ஆகிவிட்டது. பொழுதுபோக்காக எடுத்தால் பத்தாண்டு வரும் கேமரா, நடுத்தர ரகமாக இருந்தால், தொழிலில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டில் மதிப்பீட்டைத் தொட்டுவிடும். அடுத்த கேமராவுக்கான காசு ஒவ்வொரு வேலையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்க வேண்டும்.

தொடக்கத்தில் விலையை மிகவும் குறைத்து வைத்தால் வேலை வரும், உண்மைதான். ஆனால் அந்த விலைக்கு வந்தவர் அடுத்தவரை அனுப்பும்போது விலையையும் சொல்லியே அனுப்புகிறார். அதனால் தொடக்கத்திலேயே முழு விலையை எழுதி, அதற்குக் கீழே 'அறிமுகக் கழிவு' என்று தனியாகக் காட்டிக் குறைத்துக் கொடுங்கள், பிறகு அந்தக் கழிவை நீக்குவது விலையை ஏற்றுவதைவிட எளிது.

கருவியும் காகிதமும்

கருவியைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஆசையில்லை, ஏனென்றால் தயாராகாதவர்கள் முதலில் வாங்குவது அதைத்தான். ஒன்றே ஒன்று: எது கெட்டுப்போனாலும் வேலை நிற்கக் கூடாது. இரண்டு கேமரா, அதில் முக்கியமானதற்கு இரண்டு கார்டு போடும் வசதி, இரண்டிலும் ஒரே படம் பதிய வேண்டும். இரண்டாவது கேமராவை வாடகைக்கு எடுத்தாலும் போதும். வீட்டுக்கு வந்ததும் மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். 3-2-1 என்று சொல்லப்படும் இந்த விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்கிற புகைப்படக்காரர்தான், பல நிறுவனங்களும் இன்றைக்கு இதைத்தான் சொல்கின்றன. நகலெடுத்துச் சரிபார்க்கும் வரை கார்டை அழிக்காமல் இருப்பது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாகிவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். என்ன வேலை, எத்தனை மணி நேரம், சுமார் எத்தனை படம், எப்போது கிடைக்கும், அட்வான்ஸ் எவ்வளவு, ரத்தானால் என்ன, மாற்றம் எத்தனை தடவை இலவசம், படத்தை அவர் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், நீங்கள் உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா. பல நாடுகளில் எழுதிக் கொடுக்காத வரை பதிப்புரிமை எடுத்தவருக்கே, ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களுக்கும், சம்பளத்துக்கு எடுத்த படங்களுக்கும் விதி நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். விளம்பரத்துக்குப் போகும் படத்தில் அடையாளம் தெரியும் முகம் இருந்தால் அவருடைய ஒப்புதலைக் கையெழுத்தாக வாங்குங்கள். "நண்பர்தானே, எதுக்குக் காகிதம்?" என்று கூச்சமாக இருந்தால் இன்னும் தயாராகவில்லை. நட்பு கெடாமல் இருப்பதற்கே அந்தக் காகிதம் வேண்டும்.

உண்மையிலேயே வேண்டுமா?

எல்லாச் சோதனையிலும் தேறியவர்கூட இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிலில் கேமரா கையில் இருக்கும் நேரம் குறைவு. மீதி நேரமெல்லாம் மின்னஞ்சல், எடிட்டிங், பில், பாக்கி கேட்பது, அடுத்த வேலை தேடுவது. உங்களுக்காக மட்டும் எடுக்கும் படங்கள் குறைந்துபோகும், சிலருக்கு முற்றிலும் நின்றே போகும். இப்போது வார இறுதியில் ஒரு பறவைக்காக நாள் முழுக்கக் காத்திருந்து வெறுங்கையோடு வந்தாலும் சந்தோஷமாக இருக்கிறீர்கள். அந்தச் சந்தோஷம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் அதை ஏன் வாடகைக்கு விட வேண்டும்?

தொழிலாக்காமல் விட்டால் திறமை வீணாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் ஆன்ரி லார்டீக் சிறுவனாக இருந்தபோதே எடுக்கத் தொடங்கினார், தன்னை ஓவியர் என்றே சொல்லிக்கொண்டார், வாழ்நாளில் பெரும்பகுதி தனக்காகவே எடுத்தார். 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை விட்டுச் சென்றார், 2007இல் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. மறுபக்கம், செபஸ்தியாவ் சல்காடோ பொருளாதார நிபுணராகச் சர்வதேசக் காப்பி அமைப்பில் நல்ல வேலையில் இருந்தார், வேலை விஷயமாக ஆப்பிரிக்கா போகும்போதெல்லாம் படம் எடுத்து வந்தார், 1973இல் வேலையை விட்டு முழுநேரமாக இறங்கினார், அப்போது அவருக்கு 29 வயது. எடுப்பது எல்லாருக்கும் பிடித்திருந்தது. அதைக் கொண்டு எப்படி வாழ விரும்பினார்கள் என்பதில்தான் வேறுபட்டார்கள்.

வேலையை எப்போது விடுவது

முதலில் யாரிடமாவது உதவியாளராகப் போங்கள், லைட் ஸ்டாண்டைத் தூக்கினாலும் பரவாயில்லை. படம் எடுப்பதைவிட, தாமதமாக வந்த வாடிக்கையாளரிடமும் எரிச்சலில் இருக்கும் குடும்பத்தாரிடமும் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். பிறகு இரண்டாம் புகைப்படக்காரராகச் சில வேலைகள் எடுங்கள், முக்கியமான படத்துக்கு வேறொருவர் பொறுப்பு என்பதால் தைரியமாகப் பழகலாம். அதன்பிறகு உங்கள் பெயரில் பகுதிநேரமாக.

பகுதிநேரமாக ஓராண்டு முழுசாக ஓட்டிப் பாருங்கள், ஆறு மாதம் போதாது. வேலைகள் சில மாதங்களில் குவியும், சில மாதங்களில் ஒன்றுமே வராது, அந்த வறண்ட மாதங்களை ஒரு தடவையாவது கணக்கில் பார்த்திருக்க வேண்டும். இந்த ஓராண்டில் மூன்று விஷயம் நடந்திருந்தால் விடலாம் என்பேன். குறைக்காத விலைக்கு வந்த வேலைகளையே, இருக்கிற வேலையில் விடுப்பு கிடைக்காததால் திரும்பத் திரும்ப மறுக்க வேண்டி வந்திருக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேராவது பழைய வாடிக்கையாளர்கள் அல்லது அவர்கள் அனுப்பியவர்களாக இருக்க வேண்டும். குடும்பச் செலவுக்கு ஆறு மாதத்துக்கான பணம், தொழில் கணக்கில் சேராமல், தனியாக இருக்க வேண்டும். மூன்றில் முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மூன்றாவது மட்டும் இல்லை என்றால் திறமை இருக்கிறது, சேமிப்பு சேரும் வரை தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

நல்ல வருமானம் வந்த மாதத்தின் முடிவில் ராஜினாமா எழுதாதீர்கள், அது பெரும்பாலும் சீசனின் கடைசியாக இருக்கும், அடுத்து வருவது வறட்சி. உங்கள் வகை வேலைக்கு எந்த மாதம் சீசன் தொடங்குகிறதோ அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால், அட்வான்ஸ் வாங்கிய தேதிகள் நாட்காட்டியில் நிரம்பிய பிறகு எழுதுங்கள். அந்த அட்வான்ஸைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, படம் கொடுத்து முடிக்கும் வரை அது உங்கள் பணம் இல்லை என்றே வைத்திருங்கள்.